கத்தி பிடிக்காத கை

என் வலது கை ஆள்காட்டி விரலில், நகத்தை ஒட்டி ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் கேரட்டை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தபோது அது உருண்டது. கத்தி வழுக்கி விரலில் இறங்கியது. நான் இடது கைக்காரி. கத்தி இடது கையில், காய் வலது கையில். மூன்று தையல் போட்டார்கள். காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதற்கப்புறம் கத்தியை எடுத்தாலே வலது கை தானாகப் பின்வாங்கும். காயைத் தொட்டும் தொடாமலும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு வெட்டுவேன். அப்படிப் பிடித்தால் காய் இன்னும் அதிகமாக ஆடும், ஆட ஆடப் பயமும் கூடும். ஒரு கட்டத்தில் வெட்டி வைத்த காய்களை வாங்க ஆரம்பித்தேன். சமைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதில் பாதியை யாரோ பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அதனால்தான் கத்தியைக் கையாளக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். சமையல் வகுப்புதான், ஆனால் கடைசி நாள் மட்டுமே அடுப்புப் பற்றவைத்தோம். எட்டுப் பேர், ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு கத்தி. கற்றுத்தந்தவர் பெரிய சமையலறைகளில் பல வருடம் வேலை பார்த்த பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசுவார்.

அவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள்ல யாரெல்லாம் காய் வெட்டும்போது கையையும் வெட்டிக்கிட்டிருக்கீங்க?" எட்டுப் பேருமே கை தூக்கினோம். "எந்தக் கையை வெட்டிக்கிட்டீங்க, காட்டுங்க." ஏழு பேர் இடது கையைக் காட்டினார்கள், நான் வலது கையைக் காட்டினேன். எல்லாமே கத்தி பிடிக்காத கை. "சரி, அப்போ நாம பழக்க வேண்டியது அந்தக் கையைத்தான்" என்றார்.

நான்கு வாரமும் அவர் சொன்னதில் பாதி இந்த ஒரு விஷயம்தான். கத்தி பிடிக்கும் கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வீடியோக்களில் கத்தி பறக்கும் வேகத்தைப் பார்த்து வியக்கிறோம். துண்டு எவ்வளவு தடிமன், அடுத்த வெட்டு எங்கே விழ வேண்டும், விரல் தப்புமா என்பதை முடிவு செய்வது இன்னொரு கை. இத்தனை வருடம் சமைத்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் எதையும் வெட்டவில்லை. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பலகைக்கு அடியில் விரிக்கச் சொன்னார். அப்புறம் பலகையைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. என் வீட்டில் பலகை மேடை முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும், அதை நான் ஒரு குறையாகவே எண்ணியதில்லை. அடுத்து நிற்பது. மேடையிலிருந்து ஒரு கை முஷ்டி அளவு இடைவெளி விட்டு, கால்களைச் சற்று அகட்டி, உடம்பை லேசாகத் திருப்பி நிற்க வேண்டும். அப்போதுதான் முழங்கை இடுப்பில் இடிக்காமல் தாராளமாக அசையும். தோள் இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் வந்து பார்த்தார். என் தோள் காதுவரை ஏறியிருந்தது.

கத்தி பிடிப்பதை அவர் சீக்கிரமாகவே முடித்துவிட்டார். கைப்பிடியை மட்டும் பிடிக்கக் கூடாது. கைப்பிடி முடிந்து தகடு தொடங்கும் இடத்தில், தகட்டை ஒருபுறம் கட்டைவிரலும் மறுபுறம் மடக்கிய ஆள்காட்டி விரலும் கிள்ளுவது போலப் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ளும். கத்தியின் முதுகின் மேல் ஆள்காட்டி விரலை நீட்டி வைப்பது பலரின் வழக்கம், எனக்கும் அதுதான். அப்படி வைத்தால் கத்தி பக்கவாட்டில் ஆடும், விரலும் சீக்கிரம் வலிக்கும். கிள்ளிப் பிடித்தபோது முதல் பத்து நிமிடம் விநோதமாக இருந்தது. பதினோராவது நிமிடம் கத்தி என் கையிலிருந்து முளைத்த மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தக் கை.

"பலகை மேல கையை வையுங்க. உள்ளங்கைக்குள்ள ஒரு சின்னப் பந்து இருக்குன்னு நினைச்சுக்கங்க. இப்போ விரல் நுனியெல்லாம் உள்ளே மடங்கட்டும். கட்டைவிரல் எல்லாருக்கும் பின்னாடி ஒளிஞ்சுக்கணும்." சமையல்காரர்கள் இதை விலங்கின் வளைந்த நகம் போன்ற பிடி என்பார்கள். அவர் நண்டு என்றார். எனக்கு அந்தப் பெயர்தான் மனதில் ஒட்டியது, ஏனென்றால் அந்தக் கை நகர வேண்டியதும் நண்டு மாதிரித்தான், பக்கவாட்டில். நடுவிரலின் மடிந்த கணு முன்னால் நிற்கும். கத்தியின் தட்டையான பக்கம் அந்தக் கணுவில் சாய்ந்துகொண்டு மேலும் கீழும் போகும். கணு எவ்வளவு பின்னால் நகர்கிறதோ அவ்வளவுதான் அடுத்த துண்டின் தடிமன். நகங்கள் உள்ளே இருப்பதால் கத்திக்கு அவை கிடைக்காது.

கேட்கும்போது எளிதாக இருக்கிறது. கத்தியைக் கணுவில் சாய்ப்பது என்பது பயந்த ஒருத்திக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை. மூன்று வருடமாக என் கை கத்தியிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இவர் இரண்டையும் ஒட்டி நிற்கச் சொல்கிறார். கத்தியைக் கணுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே வைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டு வந்தார். "தள்ளி இருந்தா கத்தி எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாது. தொட்டுக்கிட்டு இருந்தா கண்ணை மூடினாலும் தெரியும். கூர் எப்பவும் கணுவுக்குக் கீழேயே இருக்கட்டும், அதை மட்டும் பாத்துக்கங்க." தகட்டின் தட்டைப் பக்கம் வெட்டாது, கூர்தான் வெட்டும், கத்தியை கணுவுக்கு மேலே தூக்காதவரை கூருக்கும் கணுவுக்கும் சந்திப்பே கிடையாது. இதை மனம் உடனே ஒப்புக்கொண்டது. கை ஒப்புக்கொள்ள அடுத்த சனிக்கிழமை ஆனது.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. அவர் வலது கைக்காரர். ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று செய்து காட்டுவார், அவர்கள் அப்படியே செய்வார்கள். நான் அவர் செய்வதைத் தலைக்குள் இடம் வலம் மாற்றி, அப்புறம் கைக்கு அனுப்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து கத்தரிக்கோல், முடிச்சு, பின்னல் எல்லாவற்றையும் இப்படித்தான் கற்றேன், எப்போதும் மற்றவர்களைவிட ஒரு படி தாமதமாக. இரண்டாவது காய் எடுக்கும்போதே கவனித்துவிட்டார். என் பலகையை எடுத்து மேசையின் அந்தப் பக்கம், தனக்கு நேர் எதிரே வைத்தார். "கண்ணாடில பாக்கற மாதிரி என்னைப் பாருங்க. எதையும் மாத்தாதீங்க." அவ்வளவுதான். அவருடைய கத்தி இருக்கும் பக்கத்தில் என் கத்தி, அவருடைய நண்டு நகரும் பக்கமே என் நண்டும். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒரு கைவேலையை நேரடியாகப் பார்த்துச் செய்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது, காய்களைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

முதலில் தந்த காய் உருளைக்கிழங்கு. "உருளற எதையும் வெட்டாதீங்க. முதல்ல உட்கார வையுங்க, அப்புறம் வெட்டுங்க." ஒரு பக்கத்தில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துவிட்டு, அந்தத் தட்டையான பக்கத்தைப் பலகையில் படுமாறு திருப்பினால் கிழங்கு அசையாமல் உட்காருகிறது. கேரட்டுக்கும் அதேதான். மூன்று தையலுக்குக் காரணமான அந்த வட்டக் கேரட்டை நினைத்தேன். பத்து வினாடி வேலை அது.

கூழாக அல்லது துண்டாக, எப்படியோ காய் சின்னதாகிவிட்டால் போதும் என்றுதான் அதுவரை வெட்டி வந்தேன். நம் மொழியில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை அந்த மேசையில் நின்றபோதுதான் உணர்ந்தேன். சீவு, அரி, நறுக்கு, கீறு, பிள, கொத்து. ஒவ்வொன்றிலும் கத்தி வேறு மாதிரி நகர்கிறது. சீவும்போது கத்தி கிட்டத்தட்டப் படுத்துக்கொள்கிறது. அரியும்போது அழுத்தம் குறைந்து இழுப்பு கூடுகிறது. கீரையைச் சுருட்டி வைத்து இழைகளாக எடுப்பது அரிவதுதான். நறுக்கும்போது கத்தியின் முனை பலகையை விட்டு எழாமல், பின்பகுதி மட்டும் ஊஞ்சல் போல ஏறி இறங்குகிறது. கொத்தும்போது கத்தி விழுந்துகொண்டே இருக்கிறது. கீறுவதில் துண்டே விழாது, கோடு மட்டும். என் பாட்டி தலைமுறை இந்தச் சொற்களைக் குழப்பிக்கொண்டதே இல்லை. நான் எல்லாவற்றுக்கும் 'கட் பண்ணு' என்று சொல்லப் பழகியிருந்தேன், கையும் எல்லாவற்றுக்கும் ஒரே அசைவைத்தான் வைத்திருந்தது.

சொற்களோடு அளவும் வந்தது. சமையல் குறிப்புகளில் 'பொடியாக நறுக்கவும்' என்று படித்துவிட்டு அவரவர் மனம்போல் நறுக்குகிறோம். தொழில்முறைச் சமையலில் அதற்கு மில்லிமீட்டர் கணக்கு உண்டு. சின்னச் சதுரத் துண்டு என்றால் பக்கத்துக்கு 6 மி.மீ., நடுத்தரம் 12 மி.மீ., பெரியது 2 செ.மீ. ஜூலியன் என்பது 3 மி.மீ. தடிமனில் ஐந்தாறு செ.மீ. நீளக் குச்சி, அந்தக் குச்சிகளைச் சேர்த்து வைத்துக் குறுக்கே வெட்டினால் 3 மி.மீ. சதுரங்கள். அதுதான் உண்மையான பொடி. அளவுகோலை வைத்து எங்கள் துண்டுகளை அளந்தார். என் 12 மி.மீ. துண்டுகளுக்கு நடுவே 6 மி.மீ. துண்டுகளும் கலந்து கிடந்தன. பக்கம் இரண்டு மடங்கானால் துண்டு எட்டு மடங்காகிவிடுகிறது. ஆகவே, பெரியது வேகும் நேரத்தில் சிறியது குழைந்துபோகிறது. சில காய் வெந்தும் சில காய் வேகாமலும் இருப்பதற்கு அடுப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை வெங்காயம். நான் மிகவும் காத்திருந்த நாள் அது. காம்புப் பக்கத்தை வெட்டிவிட்டு, வேர்ப்பக்கத்தை மட்டும் அப்படியே விட்டு, வெட்டு வேரின் நடுவே போகுமாறு இரண்டாகப் பிளக்க வேண்டும். தோலை உரித்துத் தட்டைப் பக்கம் கீழே. அப்புறம் கத்தியின் முனையால் வேரை நோக்கி நெடுக்கே வரிசையாகக் கீறல்கள், வேருக்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும். கத்தியைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒன்றிரண்டு வெட்டு. கடைசியில் குறுக்கே நறுக்கினால் சதுரங்கள் உதிர்கின்றன. அத்தனை நேரமும் இதழ்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வேர். அது என் வலது கைக்குள் இருந்தது. முதலிலேயே வேரை வெட்டி எறிந்துவிட்டு, வழுக்கும் இதழ்களோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அன்று ஏழு வெங்காயம் நறுக்கினேன். ஏழாவது நன்றாக வந்தது.

கண்ணும் அவ்வளவாக எரியவில்லை. வீட்டில் ஒரு வெங்காயத்துக்கே மூக்கு ஒழுகும். காரணம் கேட்டேன். வெங்காயத்தின் செல்களுக்குள் கந்தகச் சேர்மங்கள் ஓரிடத்திலும் நொதி இன்னோரிடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. வெட்டும்போது செல் உடைந்து இரண்டும் கலந்து கண்ணை உறுத்தும் வாயு உண்டாகிறது. அந்த வாயுவை உண்டாக்குவதற்கென்றே இன்னொரு நொதி இருப்பதை 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மொக்கையான கத்தி வெங்காயத்தை வெட்டுவதற்கு முன் நசுக்குகிறது, சாறு தெறிக்கிறது. 2025-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் வெங்காயம் வெட்டுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, கத்தி கூராகவும் வெட்டு நிதானமாகவும் இருந்தால் தெறிக்கும் துளிகள் குறைவதைக் காட்டினார்கள். இந்த விவரங்களை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்து முடித்துவிட்டு என் வீட்டுக் கத்தியை எடுத்து ஒரு தக்காளி மேல் வைத்தேன். தோலை வெட்டாமல் அழுந்தியது. மூன்று வருடத்துக்கு முன்னால் கேரட்டில் வழுக்கியதும் இதே கத்திதான்.

பயத்தில் நான் வேண்டுமென்றே மொக்கைக் கத்தியை வைத்திருந்தேன். கூர் இல்லாவிட்டால் வெட்டாது, வெட்டாவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம். நடப்பது நேர்மாறு. கூர் இல்லாத கத்திக்கு அதிக அழுத்தம் தேவை, அது காய்க்குள் இறங்காமல் வழுக்கும், வழுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் விரலுக்குப் போகும். மூன்றாவது வாரம் கத்தியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். "இதோட எப்படி இவ்வளவு நாள் இருந்தீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

அன்றைக்குச் சாணைக்கல். கடைகளில் கத்தியோடு விற்கும் நீளமான எஃகுக் கம்பியில் தேய்ப்பதுதான் சாணை பிடிப்பது என்று நினைத்திருந்தேன். கம்பி, மடங்கிப்போன கூரை நிமிர்த்தும், அவ்வளவே. தேய்ந்துபோன கூரைத் திரும்ப உருவாக்கக் கல்தான் வேண்டும். 1000 என்று எண் போட்ட கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துத் தந்தார். பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு. கருவி எதுவும் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்: கத்தியைக் கல் மேல் நேராக நிறுத்து, அது 90. பாதி சாய், 45. மறுபடி பாதி சாய், அதிலிருந்து ஒரு துளி தாழ்த்து. அந்தச் சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கக் கூரில் மெல்லிய பிசிறு எழும், விரலைத் தகட்டிலிருந்து கூரைத் தாண்டி வெளிப்பக்கமாகத் தடவினால் தட்டுப்படும். பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். கல்லில் கறுப்பான குழம்பு சேர்ந்தது, கழுவிவிடப் போனேன், வேண்டாம் என்றார், அதுவும் தேய்க்க உதவுமாம். நாற்பது நிமிடம் ஆனது. அப்புறம் ஒரு தக்காளி மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல், அதன் சொந்த எடையோடு இழுத்தேன். தோல் சத்தமில்லாமல் விலகியது.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தியால் நான் நேராக ஒரு துண்டு வெட்டியதே இல்லை. மேலே தடிமனாகத் தொடங்கும், கீழே வரும்போது காகிதமாக மெலிந்திருக்கும். என் கையில் ஏதோ குறை என்றே நம்பியிருந்தேன். அவர் அந்தக் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பற்கள் ஒரு பக்கம் மட்டுமே சாய்வாகத் தீட்டப்பட்டிருந்தன, வலது கைக்காரர்களுக்குத் தோதான பக்கம். இடது கையில் பிடித்தால் அது தானாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இடது கைக்கென்று மறுபக்கம் தீட்டிய கத்திகளும் கிடைக்கின்றன. சாதாரணச் சமையலறைக் கத்தி இரு பக்கமும் தீட்டப்பட்டிருப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. அத்தனை வருடம் என் கை சரியாகத்தான் வெட்டியிருக்கிறது.

மற்றபடி அவர் போகிற போக்கில் சொன்னவையும் நிறைய. கீழே விழும் கத்தியைப் பிடிக்கக் கையை நீட்டாதே, காலை விலக்கிக்கொள். நுரைத் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போகாதே, அடுத்து கை விடுபவருக்குத் தெரியாது. வெட்டியதைப் பலகையிலிருந்து தள்ளும்போது கத்தியைக் கவிழ்த்து முதுகால் தள்ளு. கண்ணாடிப் பலகை, கல் பலகை கூரைக் கெடுக்கும். கத்தியோடு ஒருவர் பின்னால் போகும்போது "பின்னாடி கத்தி" என்று சத்தமாகச் சொல். நாங்கள் எட்டுப் பேரும் கடைசி நாள் அதைச் சொல்லிக்கொண்டே நடந்தோம். வேகத்தைப் பற்றிக் கேட்டவரிடம், "அது கேக்காமலே வரும், நீங்க அளவை மட்டும் பாருங்க" என்றார். நான்கு வாரத்தில் எனக்கு வேகம் கொஞ்சமும் வரவில்லை. அளவு வந்தது.

வீட்டில் என் மகளுக்குப் பதினோரு வயது. வலது கைக்காரி. போன ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "எனக்கும் சொல்லிக் குடும்மா" என்றாள். வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவளை மேசையின் அந்தப் பக்கம் போகச் சொல்லி, ஈரத்துணியை விரித்து இன்னொரு பலகையை வைத்தேன். கத்திக்குப் பதிலாக ஒரு மரக்கரண்டி. தட்டையாக உட்காரவைத்த பாதி உருளைக்கிழங்கு.

"இந்தக் கையை நண்டு மாதிரி வை. கட்டைவிரல் எங்கே?"

"ஒளிஞ்சிருக்கு."

"இப்போ என்னையே பாரு. கண்ணாடி மாதிரி."

என் வலது கை பின்னால் நகர்ந்தது. எதிரே அவளுடைய இடது கை அதே பக்கம் நகர்ந்தது. நடுவிரல் கணுவில் கரண்டியைச் சாய்த்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, கிழங்கின் கடைசி வரைக்கும் போனாள். போய்ச் சேர்ந்ததும் தலையை நிமிர்த்தாமலே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.